ஒன்பது நாள் எண்ணெய்

என் கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாலிடெக்னிக்கில் பதினாறு வருஷம் மெக்கானிக்கல் பாடம் எடுத்தேன். மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் டர்போ. சூடேறச் சூடேற வேகம் பிடிக்குமாம். அந்தப் பெயர் அநியாயம் என்று பலரிடம் வாதாடிப் பார்த்திருக்கிறேன். வாதாடும்போதே குரல் ஏறிவிடுவதால் ஒருவரையும் நம்பவைக்க முடிந்ததில்லை.

வேலையை விட்டபின் காட்டூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டு, மன்சூர் பாயோடு கூட்டுச் சேர்ந்து என்ஜின் பட்டறை நடத்துகிறேன். பாய் ஷார்ஜாவில் பதினான்கு வருஷம் பந்தயக் கார்களுக்கு என்ஜின் கட்டியவர். வயதில் என்னைவிட மூத்தவர், ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். என் கணவர் ஜேக்கப் மேலப்புதூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறார். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத நல்ல மனிதர். ஷெட்டுக்குள் அவர் எதையும் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஒருமுறை வரிசையாக அடுக்கி வைத்திருந்த வால்வுகளைத் துடைத்துத் தருகிறேன் என்று எல்லாவற்றையும் கலந்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

எங்கள் ஒரே மகள் ஜென்சிக்கு இருபத்திரண்டு வயது. மூன்று வருஷம் கோ-கார்ட் ஓட்டிவிட்டுப் பந்தய லைசென்ஸ் வாங்கினாள். கோயம்புத்தூர் ட்ராக்கில் செப்டம்பர் மாதம் பழைய கார்களுக்கென்று ஒரு பந்தயம் அறிவித்திருந்தார்கள். அதுதான் அவளுடைய முதல் கார் பந்தயம். அதற்காகத் திருவெறும்பூரில் ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் கொடி படர்ந்து கிடந்த அம்பாசடரை இழுத்து வந்து, அவளும் நாங்களுமாக ஒரு வருஷம் உட்கார்ந்து கட்டினோம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கேம் டிரைவில் வந்து முட்டிக்கொண்டோம்.

விஷயம் இதுதான். என்ஜினின் அடியில் சுற்றுவது கிராங்க். வால்வுகளைத் திறந்து மூட வைப்பது கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இரண்டையும் இணைக்கக் கியர் என்கிற பல்சக்கரம் போடலாம், செயின் போடலாம், பல் வைத்த ரப்பர் பெல்ட்டும் போடலாம். எங்கள் என்ஜினில் ஹெட்டைச் சீவி, வால்வை அதிகமாகத் தூக்கும் கேம் வைத்திருந்தோம். இணைப்பு கொஞ்சம் நழுவினால் போதும், வால்வு பிஸ்டன்மேல் இடித்துவிடும். ஒரு வருஷ வேலை ஒரு நொடியில் போகும். அதுகூடப் பரவாயில்லை. வளைவில் முழு வேகத்தில் போகும்போது என்ஜின் இறுகினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்திருப்பது என் மகள்.

"கியர் போடும்மா" என்றாள் ஜென்சி. "அந்த ஊளைச் சத்தத்தக் கேட்டாலே முன்னாடி போற வண்டி வழி விட்டுரும்."

"சத்தத்துக்காகப் போட நான் என்ன நாதஸ்வரமாடி செய்யிறேன்? கிராங்க்கோட அதிர்வையெல்லாம் அப்படியே கேமுக்குக் கொண்டுபோய்க் கொட்டும் அது."

"டபுள் செயின் போடுவோம் டீச்சர்" என்றார் மன்சூர் பாய். "ஓட ஓடக் கொஞ்சம் நீளும்தான். ஆனா எண்ணெய்க்குள்ளயே கெடக்கும். சொல்லாம கொள்ளாம அறுந்து போகாது. நம்ம ஊரு தூசிக்கும் சூட்டுக்கும் அதுதான் லாயக்கு."

நான் பெல்ட் என்றேன். பெல்ட் என்ஜினுக்கு வெளியே உலர்ந்த இடத்தில் ஓடும். அதிர்வை விழுங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, ட்ராக்கில் நின்றபடியே நாலு போல்ட்டைத் தளர்த்தி, கேமை ஒரு டிகிரி முன்னே பின்னே தள்ளிப் பத்து நிமிஷத்தில் சரிசெய்யலாம். செயினில் அதற்கு முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். நான் சொன்னது நியாயம்தான். ஆனால் சொன்ன விதத்தில் நியாயம் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றேன். "ஷார்ஜால இன்னும் ஒட்டகத்துலதான் ரேஸ் விடுறாங்களா பாய்?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். பாய் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார்.

அதோடு விட்டேனா? பெல்ட் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்ததும், அம்பாசடரில் முதலில் இருந்த பழைய செயின் மூடியை வெட்டி அதிலிருந்தே பெல்ட் சக்கரத்துக்கு ஒரு தாங்கி செய்தேன். "மூடிய வெட்டாதீங்க டீச்சர், அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கட்டும்" என்று பாய் சொன்னார். இனி செயின் பேச்சே எழக்கூடாது என்பதற்காகவே வெட்டினேன்.

மூன்று பேர் மூன்று சொன்னோம். ஜேக்கப்பை யாரும் கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவராகவே, "அந்த பெல்ட்டு நல்லா கெட்டியா இருக்குமா?" என்றார். "இந்த என்ஜினோட உசுரே அந்த ஒரு பெல்ட்டுலதாங்க இருக்கு. நல்லதாப் பாத்துதான் வாங்கியிருக்கேன், நீங்க ரசத்த ஊத்திக்கங்க" என்று பேச்சை முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ட்ராக்கில் வண்டியைப் பரிசோதனைக்கு நிறுத்த வேண்டும். வியாழக்கிழமை மாதா பிறந்தநாள். காலையில் நானும் பாயும் பெல்ட்டின் மேல்மூடியைப் பொருத்தப் போகும் நேரத்தில், பூசை முடித்து வந்த ஜேக்கப் ஆபீஸ் சட்டையோடு ஷெட் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"பேட்ரிசியா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சாயங்காலம் சொல்லுங்க."

"இப்பவே சொல்லணும். அந்த பெல்ட்டுல நான் எண்ணெய் தடவியிருக்கேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்துக் காட்டினார். வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெய். "நவநாள் ஜெபம் நடந்த ஒன்பது நாளும். காலைல நீ குளிக்கப் போற நேரத்துல. ஒரு நாளைக்கு ஒரு சிலுவை."

உலர்ந்து ஓட வேண்டிய ரப்பர் பெல்ட்டுக்கு எண்ணெய் விஷம். அந்த ஒன்பது நாளும் தினமும் என்ஜினை அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றியிருந்தோம். பாய் பெல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பின்பக்கமாக வளைத்து, ஒரு பல்லைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகத்தின் தடம் அப்படியே நின்றது. பக்கத்துப் பல்லின் அடியில் நூல் பிரிந்து எட்டிப் பார்த்தது.

நான் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. அறிவிருக்கிறதா என்று ஆரம்பித்து, அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம், பத்து வருஷத்துக்கு முந்தைய வால்வு விஷயம் என்று ஒன்றையும் விடவில்லை. ஜென்சி ஓடி வந்து, பெல்ட்டைப் பார்த்து, முகம் சுருங்கி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஜேக்கப் குப்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். உனக்காகத்தான் செய்தேன், மகளுக்காகத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையில் குரங்கைப் பிடித்தவர் தலைகுனிந்தாவது நிற்பார். இவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர்" என்றார் பாய். "மிச்சத்த மத்தியானம் திட்டிக்கலாம். இப்ப ரேடியேட்டரக் கழட்டணும்."

"கழட்டி? வேற பெல்ட்டு வர ரெண்டு வாரம் ஆகும் பாய்."

பாய் தன் டூல் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே என்ஜின் ஆயிலில் முழுகிக் கிடந்தது ஒரு டபுள் செயின். இரண்டு சக்கரங்களும் கூடவே இருந்தன. எல்லாம் புதுசு.

"இத எப்ப வாங்குனீங்க?"

"நீங்க பெல்ட்டு வாங்குன அன்னிக்கே. நீங்க சொன்னது சரிதான் டீச்சர். ஆனா சரிக்கும் ஒரு ஸ்டெப்னி வேணும்ல?"

அவரிடம் ஒட்டகத்தைப் பற்றிப் பேசிய நாக்கை அப்போதே கடித்துக்கொண்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஆனால் செயின் இருந்தும் மூடி இல்லை. செயின் எண்ணெயில் ஓடுவது. முன்மூடி இல்லாவிட்டால் எண்ணெய் முழுவதும் ரோட்டில் கொட்டிவிடும். அந்த மூடியைத்தான் நானே வெட்டித் தொலைத்திருந்தேன். பாயும் நானும் ஏழெட்டுக் கடைகளுக்குப் போன் போட்டோம். சனிக்கிழமைக்கு முன்னால் கிடைக்காது என்றார்கள்.

அப்போதுதான் ஸ்ரீரங்கம் ஆராவமுதன் நினைவுக்கு வந்தார். உத்தர வீதியில் இருக்கிறார். கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்காக ஒரு வெள்ளை அம்பாசடர் வைத்திருக்கிறார். போன வருஷம் ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அதை ஓட்டிக்கொண்டு வந்தபோது, "இது வண்டியா, அடுப்பா?" என்று தெருவே கேட்கத் திட்டி அனுப்பியிருந்தேன். எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

"நான் வண்டி எடுக்கிறேன், உக்காரு" என்றார் ஜேக்கப். ஆபீஸுக்கு லீவு சொல்லியிருந்தார். அவருடைய ஸ்கூட்டரில் பால்பண்ணை, சஞ்சீவி நகர் வழியாகக் காவிரிப் பாலம் ஏறினோம். ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

ஆராவமுதன் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்கோ மேடம். உங்காத்துக்காரரா? வாங்கோ சார். நீங்க அன்னிக்கு வெச்சு வாங்கினேளே, அதுலேர்ந்து தினம் காலம்பற தண்ணி பாத்துட்டுத்தான் எடுக்கறேன். வண்டி சூடாறதே இல்லே."

விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டி என்ஜினின் முன்மூடியைக் கழற்றித் தர வேண்டும், திங்கட்கிழமை நானே வந்து மாட்டித் தருகிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது.

அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "ஞாயித்துக்கெழமை ஒரு மாப்பிள்ளை அழைப்பு இருக்கு."

"அப்ப வேண்டாங்க" என்றேன். "நான் வேற இடம் பாக்கறேன்."

"இருங்கோ. எங்கே போறேள்? மாப்பிள்ளை எந்த வண்டியில வேணும்னாலும் வருவர். ஒரு போன் பண்ணினா ஆச்சு. உங்க பொண்ணுக்கு வேற வண்டி கெடையாதே. கழட்டிக்கோங்கோ. பெருமாள் பாத்துப்பர்."

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. திட்டியவளுக்கு இப்படித் தருகிற மனிதரை எங்கே போய்த் தேடுவது? வாசல் கோலம் அழியாமல் வண்டியைப் பத்தடி முன்னால் தள்ளி நிறுத்தி, ரேடியேட்டர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

கிராங்க்கின் பெரிய நட்டைக் கழற்றும்போது வண்டி கியரில் இருக்க வேண்டும், நகரக் கூடாது. ஆராவமுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டார். ஜேக்கப் எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். ஒன்பது-பதினாறு என்றால் அது வந்தது. அரை இஞ்ச் என்றால் அது வந்தது. நான் கழற்றிப் போட்ட போல்ட்டுகளை என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதில் மூடியின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் வைத்து நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். சின்ன போல்ட் எங்கே, பெரிய போல்ட் எங்கே என்று நானே தடுமாறும் மூடி அது. பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ்களை அடுக்குவதுபோல அடுக்கியிருந்தார்.

"எதுக்குங்க அந்த பெல்ட்டுல போய்த் தடவுனீங்க?" என்று கேட்டேன். இந்தத் தடவை கத்தவில்லை. "பானெட்டுல தடவியிருக்கலாம். ஸ்டியரிங்ல தடவியிருக்கலாம்."

"நீதான சொன்ன, இந்த என்ஜினோட உசுரே அதுலதான் இருக்குன்னு. உசுரு இருக்குற எடத்துலதான வைக்கணும்?"

ஸ்பேனர் கையில் அப்படியே நின்றது. ரசத்துக்கு நடுவில் நான் வீசிவிட்டுப் போன ஒரு வாக்கியத்தை இந்த மனிதர் ஒன்பது நாள் நம்பியிருக்கிறார்.

"கெட்டுப் போயிரும்னு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து சாயங்காலம். எண்ணெய்க் கையோட பெல்ட்டத் தொடாதே, ஊறிப் போயிரும்னு ஜென்சியச் சத்தம் போட்டேல்ல. அப்ப."

"சொன்னா நான் என்ன ஆட்டம் ஆடுவேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார். ஐந்தாம் நம்பர் போல்ட்டைத் துடைத்து வைத்தார். "நீ கத்துனா எனக்குக் காது வலிக்கும். அவ்வளவுதான?"

இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவரை நான் அசமந்தம் என்றிருக்கிறேன், பயந்தாங்கொள்ளி என்றிருக்கிறேன். எண்ணெயைத் துடைத்துவிட்டு அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கறுப்பு ரப்பரில் யாருக்கும் தெரிந்திருக்காது. மேல்மூடியைப் போட்டு இறுக்கி, நானே என் கையால் அந்த வண்டியின் சாவியை மகளிடம் கொடுத்திருப்பேன். அங்கேயே, உத்தர வீதியில், கிரீஸ் கையோடு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆபீஸ் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. பிரேக்கை மிதித்திருந்த ஆராவமுதன், "விடலாமா மேடம்? கால் மரத்துப் போயிடுத்து" என்றார்.

மூடியோடு காட்டூர் திரும்பியபோது பாயும் ஜென்சியும் எங்கள் என்ஜினின் முன்பக்கத்தைச் சுத்தமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சக்கரங்களில் இருந்த இரண்டு புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துச் செயினை மாட்டினோம். மூன்று தடவை அளந்தேன். நான் சொன்னதை நம்பாமல் பாய் நாலாவது தடவை அளந்தார். கோபம் வரவில்லை.

மூடியைப் பொருத்தும் முன்னால், வாசலில் நின்ற ஜேக்கப்பைக் கூப்பிட்டேன். "உள்ள வாங்க. அந்தக் குப்பியக் கொண்டாங்க."

"வேண்டாம் பேட்ரிசியா. பட்டதே போதும்."

"இது எண்ணெயிலயே குளிக்கிற செயினுங்க. எவ்வளவு வேணும்னாலும் போடலாம். நவநாள் முடிஞ்சா என்ன, இன்னிக்குத்தான திருநாள்? வந்து போடுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். விரலில் எண்ணெய் தொட்டு, செயினின் மேல் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். ஜென்சி அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பாய் பிஸ்மில்லாஹ் சொல்லி மூடியைத் தூக்கி வைத்தார். அதன் ஓரத்தில், போன ஆயுத பூஜைக்கு ஆராவமுதன் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. எப்போதும் எல்லாவற்றையும் பெட்ரோல் போட்டுத் துடைக்கிறவள் நான். அதைத் துடைக்கவில்லை. செய்தித்தாளில் இருந்த நம்பர்படி போல்ட்டுகளை ஜேக்கப் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

ட்ராக்கில் எல்லாம் இனிப்பாக நடந்துவிடவில்லை. சனிக்கிழமைப் பயிற்சியில் வண்டி நேர்ப்பாதையின் கடைசியில் மூச்சு வாங்கியது. கேமை இரண்டு டிகிரி தள்ளினால் சரியாகிவிடும். பக்கத்து ஷெட்டில் என்ஜினுக்குப் பெல்ட் போட்டிருந்த ஒருவர் பத்து நிமிஷத்தில் தன் வண்டியில் அதைத்தான் செய்துகொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். நான் சொன்னது அப்போதும் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பது மட்டும் போதாது என்பதைத்தான் நான் ஐம்பது வயதை நெருங்கும்போது கற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு சுற்று. பதினோரு வண்டிகள். ஜேக்கப் ட்ராக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் என்ஜினின் சத்தம் வந்து, கடந்து போகும்வரை கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்தச் சத்தத்துக்குள் செயினைத் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றிலும் அது பிசகவில்லை. ஜென்சி ஆறாவதாக வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றியெல்லாம் முடி ஒட்டிக்கொள்ள, "அப்பா, அந்த மூணாவது வளைவுல என்னைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "பாத்தேன்டா, பிரமாதம்" என்று கூசாமல் பொய் சொன்னார்.

பக்கத்து ஷெட்டின் பெல்ட்காரர் கை கொடுக்க வந்தார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "நல்ல வேலைங்க. ஆனா இவ்வளவு பண்ணிட்டு ஏன் செயின் போட்டீங்க? யாரோட முடிவு இது?" என்றார்.

நான் மன்சூர் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளித் தெரிந்த டீக்கடை பக்கம் கண்ணைக் காட்டினார். ஜேக்கப் நாலு பேருக்கும் டீ வாங்கி, நாலு கப்பையும் சிந்தாமல் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தார். சட்டையில் என் ஐந்து விரலும் துவைத்தும் போகாமல் அப்படியே இருந்தது.

"அதோ வர்றாரே" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி, என் முழுக் குரலில். "அவரோட முடிவு."

ஜேக்கப் நின்று, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.